பலிபீடத்தில் கிடந்த மனு

ரயில் பாதை குறுக்கிட்டால் லூவீனியா அத்தை வண்டியை நிறுத்திவிடுவாள். நிறுத்தி, ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, முதலில் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் காது கொடுப்பாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களுக்கு அது சட்டம். ஆனால் சொந்தக் காரிலும், சந்தைக்குப் போகும்போதும், சாவு வீட்டுக்கு அவசரமாகப் போகும்போதும் அவள் அதையேதான் செய்தாள். மூடிப்போன மரம் அறுக்கும் ஆலைக்கு அப்பால் ஒரு பழைய ரயில் கடவு உண்டு. அங்கே தண்டவாளத்தைப் பெயர்த்து விற்று வருடக்கணக்காகிறது. தார்ச் சாலைக்கு நடுவில் ஒரு மேடும், பக்கத்தில் துருப்பிடித்த குறுக்குப் பலகையும்தான் மிச்சம். அங்கேயும் நிறுத்துவாள். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான்.

"தண்டவாளமே இல்லையே அத்தை" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது ரயிலுக்குத் தெரியுமாடி?" என்றாள்.

அவள் எனக்கு ரத்த உறவு இல்லை. எதிர்வீடு. என் அம்மா கோழி இறைச்சி ஆலையில் காலை முறைக்குப் போகிறவள் என்பதால், விடியும் முன்பே என்னை லூவீனியா அத்தையின் பேருந்தில் முதல் இருக்கையில் உட்காரவைத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கு முன்னால் அந்த இருக்கையில் உட்கார்ந்து வளர்ந்தவன் அவளுடைய தம்பி கார்டெல். அவர்களுடைய அம்மா இறந்தபோது அவனுக்குப் பால் பல்கூட விழவில்லை. அத்தை பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பேருந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். தம்பியைக் கூடவே வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. அந்த மனிதர் வடக்கே கார் தொழிற்சாலைக்குப் போனார். கொஞ்ச காலம் பணம் வந்தது, பிறகு வாழ்த்து அட்டைகள் வந்தன, பிறகு எதுவும் வரவில்லை. அதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வேறு ஆள். எங்கள் கறுப்பர் சபையான நியூ பெத்தேலில் வாசல் ஊழியம் அவளுடையது. வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை, ஒரு கை முதுகுக்குப் பின்னால். பிரசங்கம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பதால் விரல்களாலேயே பேசுவாள்: இரண்டு விரல் என்றால் இரண்டு இடம் காலி, உள்ளங்கை தரையைப் பார்த்தால் ஜெபம் முடியும்வரை வாசலிலேயே நில். தள்ளாத கிழவிகளைக் கைபிடித்து அவரவர் பெஞ்சில் உட்காரவைப்பதும் அவள்தான். அந்தக் கையைப் பற்றி நடக்கும்போது மட்டும் நேராக நடந்த கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன்.

கார்டெலைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். மாவட்டச் சாலையில் பெட்ரோல் பங்கோடு சேர்ந்த கடை வைத்திருந்த பர்விஸ் என்ற வெள்ளைக்காரரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். முந்தின வாரம் கார்டெல் அந்தக் கடையில் மிச்சச் சில்லறைக்காகச் சத்தம் போட்டிருந்தான். அது போதுமானதாக இருந்தது. கடைக்குப் பின்வீட்டில் இருந்த சிஸ்டர் ஆல்பர்ட்டா மிம்ஸ், எங்கள் சபைக்காரர் (சபையில் பெண்கள் எல்லோரும் சிஸ்டர்தான்), சுட்டுவிட்டு ஓடினவனைப் பார்த்தவர். "யாரென்று சொல்ல முடியவில்லை, கார்டெலாகவும் இருக்கலாம்" என்று கூண்டில் நின்று சொன்னார். சாகும்வரை சிறை, முன்விடுதலை இல்லை என்று தீர்ப்பானது.

பல வருடம் கழித்து, சிறைவாசிகளுக்கு இலவசமாக உதவும் ஒரு வழக்கறிஞர் குழு போலீஸ் கோப்பைக் கேட்டு வாங்கியது. அதில் ஒரு பக்கம், விசாரணையின்போது கார்டெலின் வக்கீலுக்குக் காட்டப்படாதது. கொலை நடந்த அன்றே சிஸ்டர் ஆல்பர்ட்டா போலீசிடம் சொன்னது: ஓடினவன் குள்ளம், காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடினான், லூவீனியாவின் தம்பியைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், அது அவன் இல்லை.

கோப்பை வாங்கிக் கொடுத்த குழுவுக்கு எங்கள் மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான வழக்குகள். "எழுத ஆரம்பி, ஆள் கிடைத்தால் சேர்ந்துகொள்கிறோம்" என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை. கார்டெல் சிறை நூலகத்தில் உட்கார்ந்து தானே எழுதினான்.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டால் அந்தப் பக்கத்தை ஒரு நீதிபதி படித்தே ஆக வேண்டும் என்பது அவன் நம்பிக்கை. ஆனால் நேரே அங்கே போய்விட முடியாது. முதலில் மாநிலத்தின் எல்லா வாசல்களையும் தட்டி, எல்லோரும் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளே தள்ளிய அதே மாவட்டக் கோர்ட், அதற்கு மேல் முறையீட்டு கோர்ட், அங்கே இன்னொரு தரம் பாருங்கள் என்று ஒரு விண்ணப்பம், கடைசியாக மாநில உச்ச நீதிமன்றம். கடைசிக் கோர்ட் மனுவைப் பிரிக்காமலேயே திருப்பலாம். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். ஒரு வாசலை விட்டாலும், ஒரு வாசலுக்குத் தாமதமாகப் போனாலும், பெரிய வாசல் திறக்காது.

"அடிச்சவன்கிட்டயே போய் 'என்னை அடிச்சியா'ன்னு கேக்கணும். அவன் இல்லைன்னு எழுதிக் குடுப்பான். அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு அவன் அண்ணன்கிட்ட போகணும். அவனும் எழுதிக் குடுப்பான். அப்புறம்தான் ஊர்ப் பெரியவரைப் பார்க்கலாம்" என்று கார்டெல் போனில் சொல்லிச் சிரித்தான்.

"சிரிக்காதடா. கடவுன்னா நின்னுதான் போகணும். ஒவ்வொண்ணா நின்னு போ" என்றாள் அத்தை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான காகிதம் எதுவும் பலிபீடத்தில் ஒரு ஞாயிறு கிடக்காமல் ஊரைவிட்டுப் போகாது. வீட்டுக்கடன் விண்ணப்பம், ராணுவத்தில் சேரும் பாரம், ஆஸ்பத்திரிச் சோதனைச் சீட்டு, எல்லாமே. சபை முழுவதும் எழுந்து ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து, முதல் வரிசைக்காரர்கள் பலிபீடத்தைத் தொட்டுக்கொண்டு ஜெபிப்போம். என் கல்லூரி விண்ணப்பமும் அப்படிக் கிடந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. உதவித்தொகைக் கடிதம் வந்த அன்று அத்தை எங்கள் வாசலில் நின்று, "நான் ஒரு கையுறையைக் கழட்டிட்டு வெறுங்கையால தொட்டேன், அதான்" என்றாள். அந்தக் கை தொட்டதால் வந்ததா, என் மதிப்பெண்ணால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முறையீட்டு கோர்ட் இரண்டாம் தடவையும் இல்லை என்று சொன்னது ஒரு அக்டோபரில். அந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் உச்ச நீதிமன்றத்துக்கு மனு போக வேண்டும். கார்டெல் கையால் எழுதி முடித்தான். நகல்கள் வேண்டும், சிறை நூலகத்தில் நகல் எடுக்கும் இயந்திரம் பழுது. தவிர, முன்பு ஒருமுறை அவன் அனுப்பிய கடிதம் சிறைத் தபால் அறையைத் தாண்டியதாகவே தெரியவில்லை. அந்த அறைக்காரர்களை அவன் நம்பவில்லை. "அவங்க கையில குடுக்கறதுக்கு ஆத்துல போடலாம்" என்பான். அதனால் மனுவை அக்காவுக்கு அனுப்பினான். வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை கடைசி நாள் என்று மேலே எழுதியிருந்தான்.

வெள்ளிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பொது நூலகத்தில் நகல் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் கீரையும் பன்றிக்கால் எலும்பும் வெந்துகொண்டிருந்தன.

"நான் போற வழியில தபால்ல சேர்த்துடட்டுமா அத்தை?"

"ஞாயித்துக்கிழமை தாண்டட்டும்."

"செவ்வாய் கடைசி நாள்னு போட்டிருக்கே."

"திங்கக்கிழமை காலையில பஸ்ஸை நிறுத்தின கையோட நானே தபாலாபீஸ் போயிடுவேன். வரி கட்டுற காகிதம்லாம் முத்திரை தேதிதானே கணக்கு? செவ்வாய் முத்திரை இருந்தாலே போதும், நான் ஒரு நாள் முன்னாடியே போடுறேன்." அடுப்பைச் சின்னதாக்கினாள். "என் தம்பி காகிதம் ஜெபம் இல்லாம போகக் கூடாதுடி. உன்னுது போகலையே."

 வரிக்கு அப்படித்தான் என்பது ஊர் முழுக்கத் தெரியும். கோர்ட்டுக்கு வேறு மாதிரி என்பது எங்கள் இருவரில் யாருக்கும் தெரியாது.

அந்த ஞாயிறு வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. எங்கள் ஆராதனையை உள்ளூர் வானொலி அப்படியே ஒலிபரப்பும். அதனால் போதகர் ராய்ஸ்டன் எப்போதும் ஒலிவாங்கியை விழுங்குகிறவர்போல் பேசுவார். அன்று மஞ்சள் உறையைப் பலிபீடத்தில் வைத்து, "இது நம்ம வீட்டுப் பிள்ளையோட காகிதம்" என்றார். "கார்டெல் ஜேம்ஸ் டாலிவர். சபையே, பேரைச் சொல்லு!"

சபை சொன்னது. கைது நடந்ததிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது ஜன்னல் அதிர்ந்தது. அத்தை ஒரு கையுறையைக் கழற்றிக்கொண்டு முன்னால் போனாள். மூன்றாம் வரிசையில் சிஸ்டர் ஆல்பர்ட்டாவும் எழுந்து முன்னால் இருந்தவர் தோளில் கைவைத்தார். அவர் உதடு அசைந்ததா என்று நான் பார்த்தேன். அசைந்தது.

திங்கட்கிழமை காலை, சொன்னபடியே, பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராகத் தபாலாபீசுக்குப் போனாள். முத்திரை நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே வந்தாள். மனு தலைநகரத்துக்குப் புதன்கிழமை போய்ச் சேர்ந்தது.

காலம் கடந்து வந்ததால் தள்ளுபடி என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

கார்டெல் அதோடு விடவில்லை. அந்தச் சீட்டையும் சேர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டான். அது இரண்டு வருடம் போயிற்று. அந்த இரண்டு வருடமும் அத்தை சனிக்கிழமைதோறும் சிறைக்குப் போனாள். பல முறை நானும் கூடப் போனேன். மனு எப்போது தபாலில் போனது என்று அவன் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவன் கேட்காதது அவளுக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அதுவே அவளைத் தின்ன ஆரம்பித்தது. "வந்த அன்னிக்கே போட்டிருப்பேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கான்டி" என்பாள் திரும்பி வரும் வழியில். அந்த மேட்டில் நிறுத்துவாள், கேட்பாள், போவாள்.

கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பின் நகலை அவன் அக்காவுக்கு அனுப்பினான். நான்தான் அவள் மேசையருகே உட்கார்ந்து படித்துக் காட்டினேன். அந்தப் போலீஸ் பக்கம் பொய் என்று நீதிபதி எங்கேயும் எழுதவில்லை. உண்மை என்றும் எழுதவில்லை. இந்த முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்கு உரிய காலத்தில் போகவில்லை. இனி போகவும் முடியாது. ஆகவே இந்த நீதிமன்றம் அதற்குள் போக முடியாது. அவ்வளவுதான். தபாலில் போட்டது அக்கா என்றாலும், அதற்கென்று அவன் தேர்ந்தெடுத்த கை சட்டத்துக்கு அவனுடைய கையேதான் என்றும் இருந்தது.

அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. சிறைவாசி தன் மனுவைத் தானே சிறை அதிகாரியிடம் ஒப்படைத்திருந்தால், ஒப்படைத்த நாளே தாக்கல் நாளாகக் கொள்ளப்பட்டிருக்கும். வெளியாள் அனுப்பினால் வந்து சேர்ந்த நாள்தான்.

"அதை மறுபடி படி" என்றாள் அத்தை.

படித்தேன்.

"புரியற மாதிரி சொல்லு."

"அவன் அந்தத் தபால் அறைக் காவலாளி கையில குடுத்திருந்தா, அன்னிக்கே கோர்ட்ல குடுத்த மாதிரி. அப்புறம் அது எத்தனை நாள் கழிச்சுப் போனாலும் பரவாயில்ல."

"புகையிலையை மென்னுட்டே இருப்பானே, அவன் கையில?"

"ஆமா அத்தை."

"அவன் ஒரு வாரம் மேசைக்கு அடியில போட்டு வெச்சிருந்தாக்கூட?"

"அப்பவும்."

அவள் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தாள். கையுறை போட்டுப் போட்டு வெளுத்த விரல்கள். எழுந்து பாத்திரம் துலக்கப் போய்விட்டாள். நான்கு வருடம் படித்துவிட்டு வந்து அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்த எனக்கு, எழுதியிருந்ததைத் தெளிவாகப் படித்துக் காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. தெளிவாகப் படித்ததுதான் அவளைக் கொன்றதோ என்று பிறகு யோசித்ததுண்டு. தெளிவில்லாமல் படித்திருக்க வேண்டுமா?

அடுத்த சனிக்கிழமை அவனிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று கிளம்பினாள். என்னையும் வரச் சொன்னாள். மர ஆலையைத் தாண்டியதும் அந்த மேடு வந்தது. வண்டி நிற்கவில்லை. சக்கரம் ஏறி இறங்கியபோது நான் அவளைப் பார்த்தேன். அவள் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்வையாளர் அறையில் கார்டெல் எப்போதும்போலக் கலகலப்பாகத்தான் வந்தான். வெள்ளைச் சீருடை, முன்தலை வழுக்கை.

"வாங்க பட்டதாரியம்மா. இன்னும் கல்யாணம் ஆகலையா, இல்ல மாப்பிள்ளையும் எல்லா கோர்ட்டையும் முடிச்சிட்டுத்தான் வரணுமா?"

"உங்களைவிட மெதுவாத்தான் வருவான் போல" என்றேன்.

"அக்கா, என்ன இது தலையில? பூனையைப் பிடிச்சு வெச்ச மாதிரி இருக்கு."

அத்தை புதிய பொய்முடியைத் தொட்டுக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. அவன் சிரிப்பு அடங்கியது. நான் எழுந்து, காசு போடும் இயந்திரத்தில் கோழி இறக்கை வாங்கிவரப் போகிறேன் என்றேன். "உக்காரு" என்றாள் அத்தை. "இது சாட்சியோட சொல்ல வேண்டியது."

பிறகு சொன்னாள். "கார்டெல், உன் காகிதம் வியாழக்கிழமையே வந்துடுச்சு. நான் திங்கக்கிழமைதான் போட்டேன். நடுவுல அது..."

"பலிபீடத்துல இருந்துச்சு" என்றான்.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"தெரியும்க்கா. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

சிறையில் விற்கும் ரேடியோ உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற மாதிரி கண்ணாடி பிளாஸ்டிக்கில் செய்தது. எதையும் ஒளித்துவைக்கக் கூடாது என்பதற்காக. ஞாயிறு பதினொரு மணிக்கு அவன் ஜன்னலோரம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இயர்போனைக் காதில் மாட்டியபடி எங்கள் ஆராதனையைக் கேட்பான் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. மேகம் இருந்தால் கேட்காது. அன்று மேகம் இல்லை.

"போதகர் 'இதோ இந்தக் காகிதம்'னாரு. முதல்ல எனக்குப் புரியல. நகலை வெச்சிருக்காங்க, அசல் போயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் அவரு 'நாளைக்குப் போகப்போற இந்தக் காகிதம்'னாரு." அவன் மேசையைத் தடவினான். "காவலுக்கு ஆள் பத்தலைன்னு எங்களை அன்னிக்கெல்லாம் பூட்டியே வெச்சிருந்தாங்க. போன் கிடையாது. கத்திப் பார்த்தேன். பக்கத்து செல்லுல இருந்தவன் 'என்னடா, ஆவி இறங்கிடுச்சா'ன்னான். திங்கக்கிழமை காலையிலதான் திறந்துவிட்டாங்க. போன் பண்ணேன். நீ எடுக்கல."

"தபாலாபீஸ்ல இருந்தேன்."

"அதான் நினைச்சேன்."

"ரெண்டு வருஷமா தெரிஞ்சும் நீ ஏன்டா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

அவன் பார்வையைத் திருப்பினான். பக்கத்து மேசையில் ஒரு குழந்தை அப்பாவின் மடியில் ஏற முயன்றுகொண்டிருந்தது, காவலாளி விரலாட்டினார்.

"எனக்குக் கோவமே வரலைன்னு நினைக்காத. வந்துச்சு. பல்லைக் கடிச்சுக் கடிச்சு ஒண்ணு விழுந்தே போச்சு, பாரு" என்று வாயைத் திறந்து காட்டினான். "ஆனா அவங்க என் பேரைச் சொன்னாங்கக்கா. முழுப் பேரு. ரெண்டு தடவை. இங்க எனக்கு நம்பர்தான். அதுக்குள்ள உன் குரலையும் தேடிப் பிடிச்சேன். அதைப் போய் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

அத்தை மேசைமேல் தலையைக் கவிழ்த்தாள். தொட அனுமதி தொடக்கத்திலும் முடிவிலும்தான். அவன் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"ஒண்ணு எனக்குக் கடன்பட்டிருக்க" என்றான். "அழுது கழிக்க முடியாது."

"சொல்லு."

"அந்தப் பக்கத்தை எந்த நீதிபதியும் படிக்கல. இனிமே படிக்கவும் மாட்டாங்க. எல்லாரும் உறையில தேதியைப் பார்த்துட்டே நிறுத்திட்டாங்க. ஒரு ஞாயிறு சாட்சி சொல்ற நேரத்துல எழுந்து, அந்த மைக்ல, அதைப் படி. முதல் வார்த்தையிலேர்ந்து கடைசி வார்த்தை வரைக்கும். நான் இங்க கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒரு தடவை அது காத்துல போகட்டும்."

"படிக்கிறேன்" என்றாள் அத்தை. "சத்தியமா படிக்கிறேன்டா."

திரும்பும்போது அந்த மேட்டில் நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கினாள். பின்னால் யாரும் வரவில்லை. வெகுநேரம் அங்கேயே இருந்தோம்.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ ஞாயிறு அந்தப் பக்கத்தை மடித்துக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளைத் துணிக்கடியில் அதன் முனை எனக்குத் தெரியும். கடவுள் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வரும். கேன்சர் குணமானவர், வேலை கிடைத்தவர், பேத்தி பிறந்தவர் எழுந்து சொல்வார்கள். ஒலிவாங்கி வரிசை வரிசையாகக் கைமாறிப் பின்வாசல் வரை வரும். அத்தை அதை வாங்கி, ஒரு கணம் பிடித்திருந்து, மறுபக்க வரிசைக்குக் கொடுத்துவிடுவாள்.

ஆராதனைக்கு முன்னால் சிஸ்டர் ஆல்பர்ட்டா வாசலில் வந்து நிற்பார். கண் மங்கி, கோலூன்றி. அத்தை கையை நீட்டுவாள். அந்தப் போலீஸ் காகிதத்தைக் கையுறைக்குள் வைத்திருந்த அதே கையை. மூன்றாம் வரிசை வரை மெதுவாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து, மடியில் விசிறியை வைத்துவிட்டு வருவாள்.

ஒருநாள் கிழவி சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். "உன் கை என்ன இப்படி நடுங்குது, லூவீனியா?"

"வயசாகுது சிஸ்டர்."

"என் வயசுக்கு வந்துட்டு அதைச் சொல்லு. கை நடுங்கினா மனசுல ஏதோ இருக்குன்னு எங்கம்மா சொல்லுவா."

"உங்கம்மா ரொம்பப் பேசியிருப்பாங்க போல."

கிழவி சிரித்தார்.

அன்று மாலை நான் அத்தையிடம் கேட்டேவிட்டேன். "ஏன் அத்தை படிக்க மாட்டேங்கறீங்க? அவங்க என்ன கூண்டுல உண்மையா சொன்னாங்க?"

அத்தை வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவ பேரன் பரோல்ல இருந்தான். போலீஸ்காரன் அவ வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'உங்க பேரன் நல்லா இருக்கானா'ன்னு மட்டும் கேட்டுட்டுப் போனானாம். அவ்வளவுதான் கேட்டான். அவ புரிஞ்சுக்கிட்டா."

"யார் சொன்னா?"

"ஊருக்கே தெரியும். யாரும் சொல்ல வேண்டாம்." ஓட்டை ஒதுக்கினாள். "இந்த ஊருல அன்னிக்குச் சாயங்காலம் 'நான் பார்த்தேன், அது அவன் இல்ல'ன்னு சொன்ன ஒரே வாய் அவளுதுதான்டி. என் தம்பிக்காக வேற எவ சொன்னா? அதைப் படிச்சேன்னா முதல்ல அவ பேரைத்தான் படிக்கணும். ரேடியோவுல. அந்தப் போலீஸ்காரன் வீட்டுலயும் ரேடியோ இருக்கு. அந்தக் குள்ளன் யாரோ, அவன் வீட்டுலயும் இருக்கும்."

"அப்ப கார்டெலுக்குக் குடுத்த வாக்கு?"

"படிப்பேன்" என்றாள். "அவ காலம் முடியட்டும். அப்புறம் படிப்பேன்."

மறுபடியும் ஒரு காத்திருப்பு. அதை நான் நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள். உரித்த கடலையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, கடைசிப் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கொட்டகையில் பேருந்தை நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, இருக்கையிலேயே சாய்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அடக்கத்துக்கு வர கார்டெலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. போதகர் அடக்க ஆராதனையையும் ஒலிபரப்பச் செய்தார். வானொலிக்காரர்கள் பணம் வாங்கவில்லை. அன்று லேசான தூறல். அவனுக்குக் கேட்டதா என்று தெரியாது.

சிஸ்டர் ஆல்பர்ட்டா உயிரோடுதான் இருக்கிறார். ஞாயிறுதோறும் வாசலில் நின்று, பழக்கத்தில், காற்றில் கையை நீட்டுகிறார். இப்போது வேறொரு பெண் வந்து பிடித்துக்கொள்கிறாள்.

அத்தையின் கையுறைகளை எனக்குக் கொடுத்தார்கள். உள்ளே அந்தப் பக்கமும் இருந்தது. மடிப்பில் எழுத்து அழிந்துகொண்டு வருகிறது, ஆனால் படிக்க முடியும். இந்தக் கடன் அவளோடு போய்விட்டதா, எதிர்வீட்டுக்காரிக்கு வந்து சேருமா என்பதைச் சொல்ல எந்தச் சட்டத்திலும் நான் ஒரு வரி பார்க்கவில்லை.

கார்டெல் சனிக்கிழமைகளில் எனக்குப் போன் செய்கிறான். பேசும் நேரம் முடியப்போகிறது என்று நடுவில் ஒரு பதிவுக்குரல் எச்சரிக்கும். அதற்குப் பிறகுதான் எப்போதும் கேட்பான்.

"நாளைக்கு சாட்சி சொல்ல யாரு எழுந்திருக்கப்போறாங்க?"

எனக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்கிறேன். முதுகுவலி தீர்ந்தவர், மகன் ஊர் திரும்பியவர்.

"சரி" என்கிறான். "வானம் தெளிவா இருந்தா கேக்கறேன்."